முப்பத்தேழாவது பெயர்

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. திண்டிவனத்தில் ஓர் உரக்கடையின் மாடிக் கூடம். நாற்காலிகள் நாற்பது, அவற்றில் கால் ஆடியவை இரண்டு. வந்திருந்தவர்கள் என்னைச் சேர்க்காமல் முப்பத்தேழு பேர். இரண்டு முறை எண்ணினேன்.

மாதம் ஒருமுறை கூடிப் படித்ததைப் பேசும் பிள்ளைகள் அவர்கள். பெரியவர் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்று மாடிக்காரர் சொல்லிவிட்டதால், விழுப்புரத்திலிருந்து என்னை அழைத்துப்போனார்கள். முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். கையெழுத்துப் போட்டேன். முன்பணமும் நானே கட்டினேன்.

அன்று பேசியவள் கோலியனூர்ப் பெண். அரசு வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை அறிக்கை வந்தால் பணி ஆணை என்ற நிலையில் இருந்தவள். சர்வாதிகாரிக்கு ஜெர்மனி தலையாட்டிய காலத்தில், சீருடை மாட்டிக்கொண்டு அணிவகுக்க மாட்டோம் என்ற பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். சேர்ந்து பாடியதற்கே உதை வாங்கியவர்கள். சுவரில் எழுதியவர்கள். துண்டறிக்கை போட்டவர்கள்.

"அவங்களுக்குள்ள பட்டப்பேர்தான். ஒருத்தன் மாட்டினா இன்னொருத்தன் பேர் வாயில வரக்கூடாது. எவனும் பேர எழுதி வச்சிக்கல" என்றாள்.

அவள் அதைச் சொன்னபோது என் வருகைப் பதிவேடு மூன்றாவது வரிசையில் போய்க்கொண்டிருந்தது. பெயர், ஊர், கைப்பேசி எண், கையொப்பம். பதிவேடு இல்லாமல் ஒரு கூட்டத்தை நடத்த எனக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் எண்ணினேன். தலை முப்பத்தேழு, கையெழுத்து முப்பத்தாறு. விடுபட்டவள் அவள்தான். பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, அவள் பெயரையும் எண்ணையும் நானே எழுதிக் கணக்கை நேர் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, விழுப்புரத்தில் என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. எந்த அலுவலகம் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"நோட்டு ஒண்ணு சுத்தி வந்துச்சாமே சார். குடுங்க, ஜெராக்ஸ் போட்டுக்கினு தந்துடறேன்."

"எதுக்கு?"

"சும்மா ரொட்டீன்தான். நீங்க பென்ஷன் வாங்கிக்கினு நிம்மதியா இருக்கறவரு. இந்தப் பேஜாரு உங்களுக்கு எதுக்கு? நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன், எடுத்து வைங்க."

போனதும் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்து, நோட்டைக் கேட்டு ஆள் வந்ததைச் சொன்னேன்.

"நான்தான் அதுல எழுதவே இல்லியே சார்" என்றாள்.

"நான் எழுதிட்டேம்மா. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"ஒரு மணி நேரம் நான் அங்க என்னாத்தப் பேசினேன் சார்? நீங்க தலையத்தான் எண்ணிக்கினு இருந்தீங்களா?"

வந்தவர் மேல் எனக்கு இருந்த கோபம் பாதியாகி, மீதி என் மேல் திரும்பியது. படித்ததைப் பேசிய பிள்ளைகளின் பெயர் எவனுக்கு எதற்கு? அந்தக் கேள்வியை அவனிடம் கேட்கலாம். ஆனால் அவன் கேட்பதற்கு இரண்டு நாள் முன்பே, சம்பளம் இல்லாமல், வரிசை எண் போட்டு அவனுக்குப் பட்டியல் தயாரித்தவன் நான். இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஒற்றர்கள் தேவையில்லை. என்னைப் போல ஒழுங்கான எழுத்தர்கள் போதும்.

இரண்டு தாளைக் கிழித்துவிடலாம் என்று நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்து: 'இப்பதிவேட்டில் 96 பக்கங்கள் உள்ளன எனச் சான்றளிக்கிறேன்.' ஒவ்வொரு பக்கத்துக்கும் எண். இரண்டு தாள் குறைந்தால் குழந்தைக்கும் தெரியும். கிழிக்க முடியாதபடி கட்டியதும் நானே.

புதன் காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் பழைய இரும்பு வாளியில் எரித்தேன். நாற்பத்தெட்டுத் தாள், ஒவ்வொன்றாக. அவள் பெயர் இருந்த தாளை முதலில் போட்டேன்.

பத்து மணிக்கு வந்தார். "நோட்டு இல்லை" என்றேன்.

"நேத்து இருந்துச்சே சார்?"

"எரிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"சும்மா ரொட்டீன்தான்."

அவர் சிரிக்கவில்லை. "பேரெல்லாம் ஞாபகம் இருக்குமே?"

"முப்பத்தேழு பேரு. அது மட்டும்தான் ஞாபகம்."

என் வீட்டு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக்கொண்டு போனார்.

ஏப்ரலில் அவளுக்குப் பணி ஆணை வந்தது. செய்தி அனுப்பியிருந்தாள்: 'சேர்ந்துட்டேன். தயவுசெஞ்சி எங்கயும் எழுதி வைக்காதீங்க சார்.' பிள்ளைகளுக்கு அந்தக் கூடம் போய்விட்டது. மாடிக்காரரிடம் முன்பணம் கேட்கப் போனேன். "ஆளுங்க வந்து விசாரிக்கிற எடமாப் பண்ணிட்டீங்க, அதுக்கு யாரு பணம் குடுப்பா?" என்று கதவைச் சாத்தினார். ஐந்து நிமிடம் கதவின் முன் நின்று திட்டினேன். பயனில்லை.

முன்பணம் இரண்டாயிரம். நோட்டு அறுபது. பேருந்து, இரண்டு தடவை போக வர, நூற்று ஐம்பத்திரண்டு. தீப்பெட்டி இரண்டு. ஆக மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு ரூபாய்.