தண்ணீருக்கு முந்தைய பதம்

அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது மதியம் மூன்று மணி. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவனுக்குக் குரல் எழவில்லை. யாரோ ஒரு நர்ஸ் போனை வாங்கிப் பேசினார். அண்ணி வார்டில் ஒரு நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. சுற்றி அத்தனை டாக்டர்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

"அண்ணன் இங்க இருக்கட்டும். வீட்ல நீங்க சொல்லிடுங்க" என்றார்.

அண்ணி அந்த மருத்துவமனையில் நோயாளி இல்லை, ஊழியரும் இல்லை. மாணவி. ஊட்டச்சத்து, உணவுமுறைப் பட்டப்படிப்பின் கடைசிக் கட்டமான வார்டுப் பயிற்சியில் இருந்தார். வயது முப்பத்தெட்டு.

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவர் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியிருந்தார். துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை. குழந்தை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்தப் பொறுப்பை அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் காலேஜ்ல சேர்ந்துட்டேன்" என்றார். சேரலாமா என்று கேட்கவில்லை. அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன படிப்பும்மா?"

"சாப்பாட்டைப் பத்தி, அத்தை."

"அப்ப இத்தனை வருஷமா இந்த அடுப்படியில என்ன பண்ணிட்டிருந்தே?"

"பண்ணிட்டுத்தான் இருந்தேன். ஏன்னு தெரியாம பண்ணிட்டிருந்தேன்."

அப்பா மட்டும் சிரித்தார். அன்று அண்ணிக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

முதல் வருடம் முழுக்க வேதியியல். "சமையல் படிப்புன்னு நம்பி வந்தா, அடுப்பையே கண்ணுல காட்ட மாட்டேங்கிறாங்க" என்று அண்ணி புலம்பினார். நான் வேதியியல் படித்தவள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் பாத்திரம் துலக்குவார், நான் துடைத்து அடுக்கியபடியே கேள்வி கேட்பேன். "நாத்தனார்னா குத்திக் காட்டுவாங்கன்னு சொல்லித்தான் என்னை அனுப்பி வெச்சாங்க. கேள்வி கேட்டே கொல்லுவாங்கன்னு யாரும் சொல்லலையே" என்பார். அந்த வருடம் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளத்தன. பதில் வராத நாளில் ஒரே தட்டை மறுபடி மறுபடி தேய்ப்பார்.

இரண்டாம் வருடத்தில், வீட்டில் ஒருவர் ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறார் என்று எடை போட்டுக் காட்டச் சொன்னார்கள். அண்ணி அப்பாவைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு வேளையும் தராசில் வைத்து, எடையை எழுதிக்கொண்ட பிறகுதான் கையில் கொடுப்பார். அந்த அவசரத்தில் கிண்ணத்தின் எடையைக் கழிக்க மறந்துவிட்டார். கனத்த எவர்சில்வர் கிண்ணம். கணக்குப்படி அப்பா ஒரு மல்யுத்த வீரருக்கு உண்டானதைச் சாப்பிட்டிருந்தார். பேராசிரியை வகுப்பு நடுவே கேட்டாராம்: "உங்க மாமனார் பாத்திரத்தையும் சேர்த்துத்தான் முழுங்குவாரா?"

வீட்டுக்கு வந்து முகம் சிவக்க இதைச் சொன்னபோது அப்பா நிதானமாகச் சொன்னார்: "பசிச்சா முழுங்குவேன்னு சொல்லிடு."

மூன்றாம் வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது, தொண்டையும் சொன்னபடி கேட்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் இறக்கினோம். 'தண்ணி' என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயில் தெளிவாக வந்தது. மணிக்கு நாலு தரம் வந்தது. மேசையில் இருந்த தம்ளரை, கடைத்தெருவில் பொம்மையைப் பார்க்கும் பிள்ளைபோலப் பார்ப்பார்.

அம்மாவால் தாங்க முடியவில்லை. ஒரு மதியம் யாரும் இல்லாதபோது ஒரே ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். அது நுரையீரலுக்குப் போய்விட்டது. காய்ச்சல், மறுபடி மருத்துவமனை. திரும்பி வந்ததும் அண்ணன் அம்மாவைப் பார்த்துக் கத்தினான். "தண்ணிதானேடா குடுத்தேன், விஷமா குடுத்தேன்?" என்று அம்மா அழுதாள்.

அண்ணி மறுநாள் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார். வகுப்பில் அவர்கள் ஒருவருக்கொருவர் செய்து பார்த்த பயிற்சி அது. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊட்டுவார். நான் அம்மாவுக்கு ஒரு கரண்டி தண்ணீர் ஊட்டினேன். புரையேறி இருமி, என் கையிலேயே ஒரு அடி வைத்தாள். அடுத்து அண்ணி மருந்துக்கடையில் விற்கும் கெட்டியாக்கும் மாவைக் கலந்த தண்ணீரைக் கொடுக்கச் சொன்னார். அது சிரமமில்லாமல் இறங்கியது.

"தண்ணி ஓடிடுதும்மா, பிடிக்க முடியல. இது நிக்குது" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான் அத்தை. மாமாவால ஓடுறதைப் பிடிக்க முடியல. நிக்கிறதுல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஓட விடுவோம்."

விழுங்குவதைச் சோதிக்கும் தெரபிஸ்ட் பெண் ஒவ்வொரு படிக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். அண்ணி தானாக ஒரு சொட்டும் இளக்கமாட்டார். "எனக்குத் தெரிஞ்சது பாதி மாமா. நான் இன்னும் பாஸ் பண்ணல" என்பார். "சீக்கிரம்... பண்ணு... தாகமா இருக்கு" என்று அப்பா குழறுவார். குழாயை எடுத்த அன்று டீயைக் கரண்டியிலிருந்து கவிழ்த்தால் கட்டியாக விழும் பதத்தில் கொடுத்தோம். சில மாதங்களில் தேன் பதம். போன மாதம் எண்ணெய்ப் பதம். கலந்து வைத்த டீ நேரமாக ஆக இன்னும் இறுகும் என்பதால், ஊட்டும் முன் ஒவ்வொரு தடவையும் அண்ணி ஊசியில்லாத சிரிஞ்சில் ஊற்றி, பத்து நொடியில் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பார். தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த கரண்டியைத் தூக்கக் கூடாது. வாயில் இருக்கும்போது பேசக் கூடாது, சிரிக்க வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இது பெரிய தண்டனை. நகைச்சுவை எல்லாம் கடைசிக் கரண்டி வரை காத்திருந்தது.

அன்று நான் வீட்டுக்குப் போனபோது அம்மா டீயில் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "என்னடி இந்நேரத்துல? உன் அண்ணியும் சீக்கிரம் வர்றேன்னு சொன்னா, இன்னும் காணோம்" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு தம்ளரை வாங்கினேன். சிரிஞ்சில் விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை, வாயில் டீ இருந்தது. முடிந்ததும் துண்டால் உதட்டைத் துடைத்தேன். வாய் காலியா என்று விளக்கடித்துப் பார்த்தேன். அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அதன் பிறகுதான் சொன்னேன்.

காரியங்கள் முடிந்தன. அண்ணன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். அப்பாவின் டீ எண்ணெய்ப் பதத்திலேயே இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை காலை அவருக்கு வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதாக அண்ணி நேரம் வாங்கியிருந்தார். தெரபிஸ்ட் பெண் நேற்று போன் செய்து, அழைத்து வருகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.