இந்த ஊரில் ராமசாமி என்று யாரும் இல்லை

மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். வந்துபோன கட்சிக்காரர்களில் பாதிப் பேரின் முகம் மறந்துவிட்டது. ராமசாமியை மட்டும் மறக்க முடியவில்லை.

யுத்தத்துக்கு முன்னால் நடந்தது. மூங்கில் தப்பை வைத்துக் கட்டிய காலோடு அவரை மாட்டுவண்டியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். பரவைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. மலாயாவில் வருஷக்கணக்காக ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தங்கை கல்யாணத்துக்கு வந்த இடத்தில் வண்டி குடைசாய்ந்து கால் முறிந்துவிட்டது. அங்கே ஒரு சீனர் தன் ரப்பர் தோட்டத்தை இவருக்கு விற்க ஒப்புக்கொண்டு அச்சாரமும் வாங்கியிருந்தார். அந்தச் சீனர் தன் நாட்டுக்கே திரும்பிப் போகக் கப்பலுக்குக் காத்திருந்தார்; அதற்குள் கிரயம் முடிந்தாக வேண்டும்.

"நம்மூர்ல காசக் கொட்டுனாலும் எங்களுக்கு ஒரு குழி நிலம் விக்க மாட்டாங்க சாமி. அங்க விக்கிறாங்க. இத விட்டா எனக்கு மறுபடி வாய்க்காது" என்றார்.

மலாயா சட்டம் நம்மூர் மாதிரி இல்லை. பத்திரம் எழுதிப் பெட்டியில் பூட்டிக்கொண்டால் நிலம் சொந்தமாகிவிடாது. லேண்ட் ஆபீஸ் புஸ்தகத்தில் யார் பெயர் ஏறுகிறதோ அவரே சொந்தக்காரர். வாங்குகிறவர் நேரில் போக முடியாவிட்டால், இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்தான பவர் பத்திரம் போக வேண்டும். அங்கே இருந்த அவருடைய மைத்துனர் பெயருக்கு நான் பவர் எழுதினேன். ஆளை அடையாளம் காட்ட நோட்டரி உறவுக்காரர்களை ஏற்க மாட்டார். கிராம முன்சீப்பாவது, பட்டா உள்ள இரண்டு பேராவது வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்து வண்டியோடு நானும் கிராமத்துக்குப் போனேன்.

முன்சீப் என்னை நாற்காலியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். முறிந்த காலோடு ராமசாமி வாசலில் வண்டியிலேயே கிடந்தார். பத்திரத்தை வாசித்ததும் முன்சீப்பின் முகம் மாறிவிட்டது.

"இந்த ஊர்ல ஏதுங்க ராமசாமி? எங்கப்பா ஒருத்தருதான் ராமசாமி. அவரும் போய்ச் சேந்துட்டாரு."

"வண்டியில இருக்காரே, அவருதாங்க."

"அவன் கட்டையன். எங்க பண்ணையில பொறந்தவன். அவன் ஆத்தா அந்தப் பேர வச்சப்பவே எங்கப்பா வேணாம்னுட்டாரு. எங்கப்பா பேரச் சொல்லி ஒரு பண்ணையாள நாங்க ஏச முடியுமா? கட்டையன்னு எழுதிட்டு வாங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

ஆக, ஏசுவதற்குத் தோதாக ஒரு பெயர்! தாய் வைத்த பெயரை மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அன்றைக்குத்தான் அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அங்கே வேலை பார்த்த தோட்டத்தில் கொடுத்த அடையாளச் சீட்டிலும் அதுவே ஏறியது. பட்டாதாரர்களிடம் போனேன். முன்சீப் போடாததில் நாங்கள் போடுவதா என்று ஆளாளுக்கு நழுவினார்கள். எல்லோருக்கும் அவரைத் தெரியும். தங்கை கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த மலாயாத் துணியை அவர்கள் வீட்டுப் பெண்கள் வாங்கிப் பார்த்திருந்தார்கள்.

திரும்பி வந்து சொன்னதும் எங்கள் வக்கீல் ராமசாமியிடமே சலித்துக்கொண்டார். "நிலம் கெடச்சாப் போதாதாய்யா? கட்டையன்னே பவர் எழுதிருவோம். உன் மைத்துனன் அந்தப் பேருலயே வாங்கட்டும்."

தரையில் காலை நீட்டிக் கிடந்தவர் கையூன்றி நிமிர்ந்தார்.

"வேணாங்க. கட்டையன் பேருல ஊரே எழுதிக் குடுத்தாலும் வேணாம். நானே போறேன்."

"இந்தக் காலோடயா? கட்டவிழ்த்தாக் கால் நிக்காதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரேய்யா."

"போறேன் சாமி."

போயே விட்டார். நாகப்பட்டினத்தில் கப்பலின் மேல்தட்டில் மூட்டைகளுக்கு நடுவே அவரைக் கிடத்திவிட்டு வந்ததாகக் கூடப் போன வண்டிக்காரன் சொன்னான்.

சில வருஷம் கழித்து ஊருக்கு வந்திருந்தவர் ஒருநாள் கோர்ட் வாசலில் என்னைக் கூப்பிட்டார். தோட்டம் அவருடையதாகியிருந்தது. வலது கால் வெளிப்பக்கமாக வளைந்து, கம்பு இல்லாமல் நடக்க முடியவில்லை.

"லேண்ட் ஆபீஸ்ல சீட்ட வாங்கிப் பாத்துட்டுப் பேரு என்னன்னு கேட்டாங்க. ராமசாமின்னேன். எழுதிக்கிட்டாங்க. அம்புட்டுத்தான் சாமி" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆபீஸ் நடத்திய வெள்ளைக்காரனை உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு வரி வந்தால் சரி. ஆனால் கடல் தாண்டி ஒரு வார்த்தையில் முடிந்த காரியத்துக்கு, பிறந்த மண்ணில் ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை. அதற்கு விலையாகப் போனது ஒரு மனிதனின் கால். இதற்கு எந்தக் கோர்ட்டில் பிராது கொடுப்பது?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சாட்சி கேட்கும்போது சட்டம் கேட்பதெல்லாம் இந்த ஆள் இவர்தானா என்பதுதான். இந்தப் பெயருக்கு இவனுக்கு யோக்கியதை உண்டா என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. கட்சிக்காரர் வந்தால் முதலில் நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை அப்படியே எழுதுங்கள்.