நாலு விரல் தூரத்தில் எகிப்து

மாமா இறந்துபோன மாதத்தில்தான் எங்கள் வகுப்பில் எகிப்து நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்போது நாங்கள் நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் குடியிருந்தோம். கீழே நாங்கள், மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் அத்தை. அத்தை என்றால் அம்மாவின் தம்பி மனைவி. மாமா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். கல்யாணமான சில மாதங்களிலேயே போய்விட்டார். அதன்பிறகு எங்களுக்கெல்லாம் அவர் கைபேசித் திரை அளவுள்ள மனிதர்தான். வீடியோ காலில் வருவார், சிரிப்பார், பாதிச் சிரிப்பில் அப்படியே உறைந்து நிற்பார். அத்தை மொட்டைமாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டு, "ஹலோ, கேக்குதா? இன்னாங்க, கேக்குதா?" என்பாள்.

ஒருநாள் காலையில் பெரிய மாமாவுக்குத்தான் முதலில் தகவல் வந்தது. அவர் அம்மாவுக்கு அண்ணன், குத்தம்பாக்கத்தில் இருந்தார். தூக்கத்திலேயே நெஞ்சு வலித்து, கூட இருந்தவர்கள் எழுப்பிப் பார்த்தபோது உயிர் இல்லையாம். அன்றைக்கு வீடு முழுக்க ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள், டீ குடித்தார்கள், மறுபடி அழுதார்கள். ஆனால் முன்னால் கிடத்தி வைத்து அழுவதற்கு மாமா இல்லை. அவர் இன்னும் மஸ்கட்டில் இருந்தார். அங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒரு முத்திரை என்று நாள்கள் போய்க்கொண்டே இருந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அப்பா பாடியில் இருந்த தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார், அம்மாவும் வேலைக்குப் போனாள். நானும் பள்ளிக்கூடம் போனேன். செத்த வீடா, சாதாரண வீடா என்று சொல்ல முடியாத ஒரு வீட்டில் இருந்தோம்.

அந்த நாள்களில் பெரியவர்கள் வாயில் அடிக்கடி ஒரு சொல் அடிபட்டது. "எம்பாம் பண்ணித்தான் ஏத்துவாங்களாம்" என்று பெரிய மாமா போனில் யாரிடமோ சொன்னார். அப்படியென்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த வாரம்தான் எங்கள் மிஸ் அதே சொல்லைப் பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, செத்தவர் உடம்பு கெடாமல் எகிப்துக்காரர்கள் என்னென்ன செய்தார்கள் என்று விளக்கியிருந்தார். ஒரு பையனை பாண்டேஜ் துணியால் கழுத்து வரை சுற்றி மேசைமேல் படுக்கவும் வைத்தார். மம்மிக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டதால் பாடம் பாதியில் நின்றது.

அன்று சாயங்காலம் அத்தையிடம் போய், "மாமாவ மம்மி பண்றாங்க அத்தே" என்றேன்.

அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். செய்தி வந்ததிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது உறவுக்குள் ஒரு பேச்சாக இருந்தது. "மம்மின்னா அம்மாதான?" என்றாள்.

நான் விளக்கினேன். முதலில் மூளையை மூக்கு வழியாக எடுப்பதைச் சொன்னேன். அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். உடனே அதை விட்டுவிட்டு உப்பு, எண்ணெய், வாசனைத் திரவியம், சுற்றும் துணி என்று நல்ல பகுதிகளுக்கு வந்தேன்.

"அப்பறம் கெடவே கெடாதா?"

"மூவாயிரம் வருஷம் ஆனாலும் கெடாது. பல்லு, முடி, நகம் எல்லாம் அப்டியே கீது. மிஸ் போட்டோ காட்னாங்க."

"மூஞ்சி?"

"மூஞ்சியும்தான்."

அதிலிருந்து தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை என்னை மாடிக்குக் கூப்பிடத் தொடங்கினாள். டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, "நேத்து உட்ட எடத்துலருந்து சொல்லு" என்பாள். என் வாழ்க்கையில் அதுவரை ஒரு பெரியவர் என்னிடம் பாடம் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் இருந்தது மூன்றே பக்கம். அது தீர்ந்ததும் பள்ளி நூலகத்தில் இருந்த படப்புத்தகத்தைப் படித்துவந்து சொன்னேன். அதுவும் தீர்ந்ததும் நானாகவே கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

ஒருநாள் அத்தை, "மஸ்கட்டுக்கும் எகிப்துக்கும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள். அட்லஸை எடுத்து விரலை வைத்துப் பார்த்தேன். "நாலு விரல்" என்றேன். "கிட்டதான்" என்று அவள் தலையாட்டிக்கொண்டாள். "அவங்களும் அரபிதான பேசறாங்க. தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாங்க."

இன்னொரு நாள் இதயத்தைப் பற்றிச் சொன்னேன். மற்றதையெல்லாம் எடுத்து ஜாடியில் போடுவார்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். மேல் உலகத்தில் அதைத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் ஓர் இறகைப் போட்டு எடை பார்ப்பார்கள். இறகைவிடக் கனமாக இருந்தால் ஒரு முதலைவாய் மிருகம் அதைத் தின்றுவிடும்.

அத்தை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "வலிச்ச நெஞ்சு கனமா இருக்குமாடி?" என்றாள்.

புத்தகத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. அந்த நேரம் பார்த்து அம்மா வேலையிலிருந்து வந்து, துணி எடுக்க மாடிக்கு ஏறியவள், தராசும் முதலையும் காதில் விழுந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "சாவு ஊட்ல இன்னா கதை உட்டுகினு கீற நீ?"

"அவள அடிக்காதீங்க அண்ணி. நான்தான் கேட்டேன்" என்றாள் அத்தை.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துணியை எடுக்காமலே இறங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வந்தபோது அத்தை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மாமாவை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். பெரிய மாமா சத்தம் போட்டார், அப்பா சமாதானம் பேசினார், அம்மா அழுதாள். அத்தை அசையவில்லை. "அத்தினி பாடுபட்டு கெடாம அனுப்பறாங்க. இங்க வந்த ஒடனே கொளுத்தறதா?" என்றாள். அந்த வாக்கியத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்கு மட்டும் தெரியும். பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கடைசியில் பெரிய மாமா, "இன்னாவோ பண்ணு, உன் புருசன்" என்று ஒப்புக்கொண்டு எழுந்து போனார்.

மாமா ஒரு வெயில் காலையில் வந்தார். அப்பாவும் பெரிய மாமாவும் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவுக்குப் போய் ஆம்புலன்சில் ஏற்றி வந்தார்கள். ஆணி அடித்த மரப்பெட்டி. பக்கவாட்டில் அரபி எழுத்து, எது மேல்பக்கம் என்று காட்டும் அம்புக்குறிகள், உடையும் பொருள் என்பதற்கு ஒரு கோப்பையின் படம். சித்திர எழுத்து என்று மிஸ் சொன்னது இதைத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். நாள் பல ஆகிவிட்டது, முகம் எப்படி இருக்குமோ, அந்தப் பெண் தாங்க மாட்டாள், அப்படியே கொண்டுபோய்க் குழியில் இறக்கிவிடலாம் என்று பெரிய மாமா சொன்னார்.

"தொறங்க மாமா" என்றாள் அத்தை. "எகிப்துல மூவாயிரம் வருசம் கீது. இத்தினி நாளு இருக்காதா?"

கூட்டம் அவளைப் பார்த்தது. புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். நான் ஆம்புலன்ஸ் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். கடப்பாரை வந்தது. ஆணிகள் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தன. இனிப்பும் கசப்புமாக, ஆய்வக நெடி போல ஒன்று தெருவரைக்கும் வந்தது.

நான் கால்களுக்கிடையில் நுழைந்து எட்டிப் பார்த்தேன். மாமா இருந்தார். கெட்டுப்போகவில்லை. திரையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தார், அவ்வளவுதான். மீசைகூட அதே மீசை. நான் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிட்டதில் எனக்குள் ஒரு துள்ளல் எழுந்தது, சாவு வீட்டில் துள்ளக் கூடாது என்றும் தெரிந்தது. தலைமுடியைத்தான் யாரோ நேராகப் பின்னால் வாரிவிட்டிருந்தார்கள். அத்தை சீப்பு கேட்டு வாங்கி, இடப்பக்கம் வகிடு எடுத்து மெதுவாக வாரினாள். கன்னத்தைத் தொட்டாள். கையை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள், வீடியோ காலில் படம் நின்றுபோனால் காத்திருப்பாளே அதைப்போல, முகத்தையே பார்த்தபடி. இரண்டாம் முறையும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

நிமிர்ந்து பெரிய மாமாவைப் பார்த்தபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மாமா, கொளுத்திடுங்க."

பெரிய மாமாவுக்குக் காதில் விழாததுபோல் இருந்தது. "இன்னாம்மா?"

"பொதைக்க வேணாம். கொளுத்திடுங்க."

"குழி வெட்டியாச்சும்மா. அவ்ளோ சண்ட போட்டு நீதான..."

"மூடிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அத்தை பெட்டியின் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டுக் குழந்தை மிரண்டு அழத் தொடங்கியது.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பாடத்தில் எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்று விளங்கவில்லை. உப்பு, எண்ணெய், துணி, ஜாடி, இதயம் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதையும் நான் மாற்றிச் சொல்லவில்லை.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து குளித்துவிட்டு, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரக் கூந்தலோடு மாடிப்படியில் உட்கார வைத்திருந்தார்கள். மெல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தே, உள்ள எங்கியாவது கெட்டுப் போயிருந்துச்சா?"

"இல்லடி. அப்டியேதான் இருந்தாரு."

"அப்பறம் ஏன் எரிக்கச் சொன்ன?"

"ரெண்டு வாட்டி கூப்ட்டேன். அப்டியே இருந்தாரு. அதான்."

கெட்டுப்போயிருந்தால் எரிக்கலாம். நன்றாக இருப்பதை யாராவது எரிப்பார்களா? அழுத களைப்பில் வாய் குழறி, சொல்ல வந்ததை மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சரியான காரணத்தைச் சொல்வாள் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.