ரயில் இல்லாத ஸ்டேஷனில் பெண் காட்டப் போனது

காலை ஆறு மணி. செஞ்சியில் மூணு மலைமேல் கோட்டை இருக்குது, ரயில்தான் இல்லை. மூணாங் கிளாஸோடு நின்ற நான் மல்லாட்டை மண்டி வைத்துப் பெரிய ஆளானதுகூட ரயிலை நம்பி இல்லை. ஆனாலும் அன்று மகள் கஸ்தூரியோடு கிளம்பியது ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கு. "கல்யாணத் தேதி வெச்சிட்டுத்தான் வருவேன்" என்று பஜார் முழுக்கச் சொல்லியிருந்தேன்.

விழுப்புரம் இருபத்துநாலு மைல், ஆளுக்கு எண்பத்தைந்து நயா பைசா. அங்கே பஸ் மாறி ஒன்பது மைல். கல்மேட்டில் இறங்கும்போது பத்தரை.

வெள்ளைக்காரன் போட்ட கிளை லைன். யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பிளாட்பாரமும் ஓட்டுக் கட்டடமும் மிச்சம். தண்டவாளம் கிடந்த இடத்தில் ஆள் உயர நாணல். அது காற்றில் சாயும்போது, எங்கோ தூரத்தில் வண்டி வருகிற மாதிரியே ஒரு சத்தம். நின்றபடியே கண் சொக்கியது.

வண்டி ஓடிய நாளிலிருந்து அந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பது அங்கேதான். வீட்டுக்கு வந்து வேண்டாமென்றால் தலைகுனிவு. பிளாட்பாரத்தில் பெண் ஒரு நடை நடப்பாள். பிடிக்காவிட்டால் பையன் வீட்டார் "வண்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விடுவார்கள். காரணம் கேட்கக் கூடாது. வண்டி நின்று இருபது வருஷமாகியும் அதே வார்த்தைதான்.

பையன் வீடு ரைஸ் மில். அவனும் அவன் அம்மாவும் பெஞ்சில் இருந்தார்கள். கஸ்தூரி நடந்தாள்.

"இன்னொரு தரம் நடக்கச் சொல்லுங்க," என்றார் அந்தம்மா.

நடந்தாள்.

"பொடவையத் தூக்கிக்கினு நடம்மா. காலு கோணலான்னு பாக்கணும்."

நானும் அப்படித்தான் மண்டியில் மூட்டைக்குள் கைவிட்டு, கடலையை உடைத்து உடைத்துப் பார்ப்பேன். மில் வீட்டுச் சம்பந்தம். நடம்மா என்று நானும் கையைக் காட்டினேன்.

மூணாவது நடையில் கஸ்தூரி கடைசிவரை போனாள். அங்கேயே நின்று, "நைனா, வண்டிக்கு நேரமாச்சு," என்றாள்.

பெண் வாயால் அதைக் கேட்டு அந்த ஊருக்கே பழக்கமில்லை.

"இன்னா திமிரு!" அந்தம்மா எழுந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எங்களுக்குப் புடிச்சிருக்குது பெரியவரே. கூப்புடுங்க, இப்பவே தேதி வெச்சிடலாம்."

அந்த வார்த்தைக்குத்தானே வந்தேன். ஆனால் நேரமாச்சு என்றவர்களைப் பிடித்து நிறுத்துகிற வழக்கம் அங்கே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தை விட்டு இறங்கினேன்.

நாணலுக்குள் நடந்தோம். வெள்ளைப் பூ, மேகத்துக்குள் போகிற மாதிரி. முன்னால் போனவள் கேட்டாள்: "கோவமா நைனா?"

"பசி."

சிரித்தாள்.

மாலை ஐந்தரை, செஞ்சி பஸ் ஸ்டாண்டு. வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மொதலாளி, தேதி எப்போ?"

"எம் பொண்ணுக்குப் புடிக்கல," என்றேன், பஸ்ஸுக்கு நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி.