அம்மா லாரி ஓட்டும் பாட்டு

இந்த நாட்டில் காரின் வலப்பக்க முன் இருக்கையில் உட்கார்ந்தால் கைக்கு ஒன்றும் அகப்படாது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். ஸ்வீடனுக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இடப்பக்கம் என் மனைவி கோகிலா ஓட்டுவாள். வலப்பக்கம் நான், மடியில் சீப்பும் ரப்பர் பேண்டுமாக. பின்னால் எங்கள் ஐந்து வயது மகள் யாழினி, ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு. மறு பக்க ஜடையைப் பள்ளி வாசலில் நின்று முடிப்பேன். நான் நாமக்கல்லில் ஆறு லாரி ஓடுகிற குடும்பத்தில் பிறந்தவன். இங்கே ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். இரண்டாம் முறை, சாலையைக் கடக்க நின்ற ஒரு பெரியவரைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டேன். தேர்வு அதிகாரி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "அவர் உங்களுக்கு என்ன செய்தார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். ஜலகண்டாபுரத்தில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாத கோகிலா முதல் முறையே தேறிவிட்டாள்.

இதை ஊரில் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வலப்பக்கம் உட்கார்ந்தபடி செல்ஃபி எடுத்து அனுப்பினேன், அவ்வளவுதான். மீதியை நாமக்கல் தானாக நினைத்துக்கொண்டது. "எந்தம்பி பனியிலயே ஓட்டறான்" என்று அண்ணன் அந்தப் படத்தை லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை முழுக்கக் காட்டினாராம்.

யாழினி போகும் பாலர் பள்ளியை இங்கே ஃபோர்ஸ்கூலா என்கிறார்கள். அங்கே ஆண் வேலை, பெண் வேலை என்று எதையும் பிரிக்கமாட்டார்கள். கரடி பொம்மை ஆணா பெண்ணா என்று கேட்டால், "அது கரடி" என்று பதில் வரும். டீச்சர் லீனா ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். எங்கள் முறை வந்தபோது என்னைத் தனியே அழைத்து, அம்மா வண்டி ஓட்டுவதாகப் பாடினால் உங்கள் கலாச்சாரத்துக்குச் சங்கடமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "எங்கள் ஊரில் லாரியின் நெற்றியிலேயே பெண்கள் பெயர்தான் எழுதியிருக்கும்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. மறுவாரம் பாட்டு வந்தது: "மம்மா ஷோர் லாஸ்ட்பில், பப்பா ஃப்ளேத்தார் ஹோர்." அம்மா லாரி ஓட்டுகிறாள், அப்பா ஜடை பின்னுகிறார். நாமக்கல்லில் லாரிகளைப் பெண்களே ஓட்டுவதாகவும், அதனால்தான் அவரவர் பெயர் முன்னால் இருப்பதாகவும் லீனா வகுப்புக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். நான் திருத்தவில்லை. என்றைக்கோ ஒருநாள் நம் ஊருக்கு மரியாதை கிடைக்கும்போது யார் திருத்துவார்கள்?

உண்மை என்னவென்றால், லாரியில் எழுதிய பெயர் அசாம் வரை போய்வரும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி செவ்வாய்ப்பேட்டைக்குத் துணி எடுக்கப் போவதென்றாலும் வீட்டில் கேட்டுத்தான் போகவேண்டும்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அண்ணனின் புது லாரிக்குப் பட்டறையில் பூஜை. நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'யாழினி' என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தவள் துள்ளிக் குதித்தாள். தன் பெயர் இருப்பதால் தான்தான் ஓட்டவேண்டும் என்று கேபின் படியில் கால் வைத்தாள்.

"பொம்பளப் புள்ளைங்க பூசை அன்னிக்கு ஏறக்கூடாது, சாமி" என்று அண்ணன் அவளைத் தூக்கிக் கீழே விட்டார். அவள் விடவில்லை. பட்டறை நடுவில் நின்று அந்தப் பாட்டை முழுசாகப் பாடினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"என்ன சாமி பாடற? பெரியப்பாவுக்கு அர்த்தஞ் சொல்லு பாக்கலாம்."

அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அப்பா லாரி ஓட்டறாரு, அம்மா சடை பின்னறாங்கன்னு பாட்டுங்ணா."

"அப்படிப் போடு! எந்தத் தேசம் போனாலும் நல்லதத்தான் சொல்லித் தராங்க." அண்ணன் மகிழ்ந்துபோய்ச் சாவியை என் கையில் திணித்தார். "டிரைவர் எதுக்குடா? நீயே எலுமிச்சம்பழத்து மேல ஏத்து."

யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலா ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, பூத்தட்டைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

டயர்களுக்கு முன்னால் பழங்களை வைத்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு வலப்பக்கத்தில் ஸ்டீயரிங் இருந்தது. வண்டி மூன்று முறை குலுங்கி நின்றது. நான்காம் முறை கிளம்பியது, பின்பக்கமாக. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. அந்த லாரியை எடுக்க வந்திருந்த மேச்சேரிக்கார டிரைவர்தான் என்னைக் காப்பாற்றினார். "அங்கெல்லாம் கியரு வேற மாதிரிங்க. தம்பிக்குக் கை அப்படியே பழகிப்போச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு ஆண்பிள்ளையின் மானத்தைக் காப்பதென்றால் நம்மவர்களுக்கு யோசிக்கக்கூட நேரம் தேவையில்லை.

"அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, பெரியப்பா. அம்மாதான் ஓட்டுவாங்க. பாட்டு அப்படித்தான் இருக்கு" என்றாள் யாழினி.

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பனையே வம்புக்கு இழுக்குது பாரு" என்று அண்ணன் அவள் கன்னத்தைக் கிள்ளினார். அவள் என் முகத்தைப் பார்த்து, நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அவள் அழுதாள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

திரும்பி வந்ததும் லீனா, நாமக்கல்லில் என்ன பாட்டுப் பாடினாய் என்று கேட்டார். யாழினி என் மொழிபெயர்ப்பையே ஸ்வீடிஷில் பாடிக் காட்டினாள். நான் சீப்போடு வாசலில் நின்றேன். லீனா குழம்பிப்போய், அங்கே அம்மாக்கள்தானே ஓட்டுவார்கள் என்றார். "அங்கே போனால் அப்பா மாறிடுவாங்க, பாட்டும் மாறிடும்" என்று யாழினி விளக்கினாள். வானிலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை காரில் போகும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "அப்பா, இன்னைக்கு எந்தப் பாட்டு?"

நான் பதிலைத் தேடுவதற்குள் அண்ணனின் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தேன். வலப்பக்கத்தில் என்னைப் பார்த்ததும் அண்ணன் கத்தினார்: "ஏன்டா, வண்டி ஓட்டறப்ப எதுக்குடா போன எடுக்கற? வெச்சுட்டு ரோட்டப் பாரு!"

சரிங்ணா என்று வைத்திருக்கலாம். பின்னிருக்கையில் யாழினி இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள். போனை மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன்.

"நல்லாருக்கறீங்களா மாமா?" என்றாள் கோகிலா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஏன்டா, அந்த வண்டிக்கு ரெண்டு ஸ்டேரிங்கா?"

"ஒண்ணுதானுங்ணா. எப்பவுமே அது அவகிட்டதான்."

"டவர் கெடைக்கல போல" என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டார். டவர் நன்றாகத்தான் இருந்தது.

பின்னால் யாழினி பழைய பாட்டை உரக்கத் தொடங்கினாள். முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. கோகிலா நிதானமாகப் பிரேக் பிடித்தாள். என் வலது காலும் வெறும் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.