பல்லு தெரிஞ்சா சந்தோஷமா?

முதல் படம் வருவதற்கு முன் டீச்சரம்மா கணினித் திரையைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைக்கிறார். "மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உட்காருடா" என்று அவர் அதட்டுவது பக்கத்து நாற்காலிக்காரரை அல்ல, பெட்டிக்குள் இருப்பவனை. அவனுக்குப் பெயரில்லை. 'இவன்' என்பார். கோபம் வந்தால் 'இந்த மக்கு'.

டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், பன்னிரண்டு கணினிகள் போட்ட ஒரே அறை. மனிதர்களின் முகத்தைப் பார்த்து மனநிலையைச் சொல்ல ஓர் இயந்திரத்துக்கு அங்கே பயிற்சி நடக்கிறது. திரையில் ஒரு முகம் வரும். கீழே இயந்திரத்தின் ஊகம், நூற்றுக்கு எத்தனை நிச்சயம் என்ற எண்ணோடு. சரி என்றால் விட்டுவிடலாம். தவறென்றால் மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம் என்று வரிசையாக இருக்கும் எட்டுப் பொத்தான்களில் சரியானதை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு முகங்கள்.

"இந்தம்மா சந்தோஷமா இருக்காங்களாம், தொண்ணூத்து நாலு! பல்லு தெரிஞ்சா சந்தோஷமாடா? கண்ணைப் பாரு. வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசல்ல வந்து நிக்கிறப்போ சிரிக்கிற சிரிப்பு இது." பட்டென்று 'பயம்' விழும்.

இயந்திரத்துக்குப் பாடம் நடத்துவதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'டீச்சரம்மா'. படிப்பு பத்தாவதோடு சரி. "நான் எங்கே நிறுத்தினேன்? கணக்குதான் என்னைத் தாண்டி ஓடிப்போச்சு" என்பார். பத்தொன்பது வருடம் செருப்புக் கடையில் வேலை. காலைப் பார்த்து அளவு சொல்வார், முகத்தைப் பார்த்து விலை சொல்வார். 'சும்மா பார்க்கலாம்னு வந்தேன்' என்பவர் கட்டாயம் வாங்குவார், ஆறு ஜோடி போட்டுப் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார் என்பது அவர் கண்டுபிடித்த விதி. கடையையே மூடிவிட்ட பிறகு, முகம் பார்த்துச் சொல்ல ஆள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு இங்கே வந்தார். ஜோசியக் கடை என்று நினைத்துத்தான் வந்தாராம்.

எட்டுப் பொத்தான் போதாது என்பது அவருடைய தீராத குறை. "என் மாமியாருக்கே தனியா நாலு வேணும். என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு போதும், அது வேற விஷயம்." விடுபட்ட முகங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று காத்திருக்கும் முகம். செருப்பு கடிப்பதை வெளியே காட்டிக்கொள்ளாத முகம். அழுது முடித்து, கழுவித் துடைத்துக்கொண்டு வந்த முகம். இப்படி முப்பத்தொன்று. தனித்தாளில் படியெடுத்து மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். அவர் பணிவாக வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மேற்பார்வையாளருக்கு இயந்திரத்தின் மேல் அளவு கடந்த நம்பிக்கை. ஒரு நாள் தேநீர் நேரத்தில், "இன்னும் ஆறு மாசம்தான் டீச்சரம்மா. அதுக்கு எல்லாமே தெரிஞ்சிடும்" என்றார்.

"தெரியாது தம்பி. ஒப்பிக்கும். ரெண்டும் ஒண்ணா?"

"நீங்க மட்டும் எப்படிக் கத்துக்கிட்டீங்க? பொறந்ததுலேருந்து ஆயிரக்கணக்குல முகம் பார்த்துத்தானே? அதுவும் அதைத்தானே செய்யுது?"

டீச்சரம்மா தேநீரை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பிறகு, "நான் பார்த்த முகமெல்லாம் என்னையும் திருப்பிப் பார்த்துச்சு தம்பி" என்றார். வாதத்தில் தோற்கும்போதுதான் டீச்சரம்மா இப்படியெல்லாம் பேசுவார் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கைப்பேசியை எடுத்தார். "இதைக் காட்டுங்க அவன்கிட்டே. என்ன சொல்றான்னு பார்ப்போம்."

அவருடைய தங்கையின் படம். நாலு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் வேறோர் ஊரில், புதிதாகத் திறந்த எழுதுபொருள் கடையின் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கிறாள். பத்து நாளைக்கு முன் அனுப்பியது. முகம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, கூந்தல் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. "நான் இடுப்புல தூக்கி வளர்த்தவ. அவ முகம் எனக்குத் தெரியாதா? தலைகால் புரியாத சந்தோஷத்துல இருக்கா."

இயந்திரம் ஒரு கணம் யோசித்தது. துயரம், எண்பத்தொன்று.

அறையே சிரித்தது. "பார்த்தீங்களா மக்கை!" என்று டீச்சரம்மாதான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தார். அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூடி வைத்த டப்பாவின் மேல் கைப்பேசியை வைத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் தங்கையாகத்தான் இருந்தாள். ஆனால் ஒன்று உறைத்தது. நாளுக்கு மூன்று முறை கூப்பிட்டு வாயடிக்கும் தங்கை பத்து நாளாகக் குறுஞ்செய்திதான் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டார். எடுக்கவில்லை. 'கடையில் கூட்டம்' என்று செய்தி வந்தது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை எடுத்தாள். "ஒண்ணுமில்லக்கா, அப்புறம் பேசறேன்." அந்த 'அப்புறம்' சரியில்லை. 'ப' வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது.

மறுநாள் விடிந்ததும் டீச்சரம்மா பேருந்தில் இருந்தார்.

கடையில் கூட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்காவைப் பார்த்ததும் தங்கை பென்சில் டப்பாக்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டாள். இவர் போய் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். இடது பக்கம் அப்படியே தொங்கிக் கிடந்தது. கண் முழுதாக மூடவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"ஏன்டி என்கிட்டே சொல்லல?"

"சொன்னா நீ ஊரைக் கூட்டிடுவே."

"யாரு, நானா?" என்று இவர் கேட்ட கேள்வியில் எதிர்க்கடைக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மருத்துவரிடம் முதல் நாளே போயிருக்கிறாள். முக நரம்பில் வீக்கம். மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் முகப் பயிற்சியும் சொல்லி, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும் என்றிருக்கிறார். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இயந்திரம் சொன்ன கதையைச் சொன்னார். தங்கைக்குக் கோபமே வந்துவிட்டது.

"சோகமா? நானா? போர்டு மாட்டின அன்னிக்கு எடுத்ததுக்கா அது! அதுக்கு முந்தின நாள்தான் முகம் இப்படியாச்சு. இருந்தாலும் போர்டைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முழுசாத்தான் சிரிச்சேன். பாதிதான் வந்துச்சு."

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "அதுக்குத் தெரிஞ்சிருக்கு பார்த்தீங்களா!"

"என்ன தெரிஞ்சுது? துயரம்னு சொன்னான். அவ துயரமா இல்லை. தப்புதானே?"

"நீங்களும்தான் சந்தோஷத்தை மட்டும் பார்த்தீங்க, முகம் தொங்கினதைப் பார்க்கல. அதுவும் தப்பு."

டீச்சரம்மா கொஞ்ச நேரம் மேசையில் விரலால் கோடு கிழித்தார். "ஆமா தம்பி. நான் படத்தை எங்கே பார்த்தேன்? மனசுல இருக்கிற தங்கச்சியைப் பார்த்தேன். இவன் படத்தைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்க்கல. ரெண்டு பேருக்கும் தெரியல. ஆனா எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. இவன் அடுத்த படத்துக்குப் போயிட்டான்."

மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அந்த முகத்துக்கும் எட்டில் பொத்தான் இல்லை என்று டீச்சரம்மா உடனே குறித்துக்கொண்டார். முப்பத்திரண்டு.

அதிலிருந்து காலை இடைவேளையில் அவர் தேநீருக்கு வருவதில்லை. மாடிப்படியில் நின்றபடி தங்கையைக் கைப்பேசியில் முகம் பார்த்து அழைக்கிறார். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை இருவரும் சேர்ந்து செய்கிறார்கள். புருவத்தைத் தூக்குவது, உதட்டைக் குவிப்பது, கன்னத்தை உப்புவது. கீழே டயர் கடைக்காரர்கள் முதல் இரண்டு நாள் பயந்துபோனார்கள். இப்போது அவர்களில் ஒருவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே தானும் கன்னத்தை உப்புகிறார்.

நாலாவது வாரத்தில் ஒரு நாள், வழக்கமாக உதட்டோரம் 'புஸ்' என்று போய்விடும் காற்று போகவில்லை. தங்கையின் இடது கன்னம் உப்பியபடி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. டீச்சரம்மா தன் வாயிலிருந்த காற்றை விடவும் மறந்து, கன்னம் உப்பியபடியே, ஆள்காட்டி விரலால் திரையில் தெரிந்த அந்தக் கன்னத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார்.