மூன்றாவது தாள்

பாரூர் வயலில், அம்மாவைப் புதைத்த இடத்திலேயே அண்ணன் சமாதி கட்டினான். கறுப்புக் கல்லில் மார்பளவு உருவம். கிருஷ்ணகிரிச் சிற்பி முதலில் பென்சிலில் வரைந்து காட்டுவார். மகன் கையெழுத்துப் போட்டால்தான் கல்லில் உளி படும். மகள்களை யாரும் கேட்பதில்லை. ஆனால் முகம் சரியாக அமையவில்லை என்று, அம்மாவைக் கடைசிவரை வைத்திருந்த என்னைத் தேடி, மத்திகிரி வாடகை வீட்டுக்கே அவர் வந்துவிட்டார்.

கொண்டுவந்த இரண்டு தாளிலும் அண்ணன் சொன்னபடி பட்டுப்புடவை, உப்பிய கன்னம், சிரிப்பு. பக்கவாதம் வந்து அம்மா என் வீட்டில் கிடந்த இரண்டு வருடமும் அவன் எட்டிப் பார்க்கவில்லை. கைக்குழந்தையையும் அம்மாவையும் நான்தான் குளிப்பாட்டினேன். சாவில், கண் மூடி, தாடை கட்டி, மாலைக்குள் இருந்த முகத்தைத்தான் அவன் பார்த்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது.

"கன்னத்தக் கொறைங்க. எடது கண்ணு பாதி மூடியிருக்கும். வாயி கோணியிருக்கும்."

"அண்ணன் ஒத்துக்குவாராம்மா?"

"கடைசியா பாத்தவ நான்தானே."

மூன்றாவது தாளை எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தே வரைந்தார். ரப்பர் துணுக்கை மகள் வாயில் போட்டுவிடுவாளோ என்று அவள் மேல் ஒரு கண்ணும், தாள் மேல் ஒரு கண்ணுமாக இருந்தேன். செய்வது சரிதானா என்று நடுவில் தோன்றியது. ஆனாலும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு நானும் போனேன். அண்ணன் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"இது யாருங்க? வேற யாரு படத்தயோ குடுத்துட்டீங்களா?"

சிற்பி என்னைப் பார்த்தார்.

"அம்மாதாண்ணா," என்றேன். "ஒரு தரம் வந்திருந்தா அடையாளம் தெரிஞ்சிருக்கும்."

கல் அறுக்கும் மிஷின் ஓடாத நேரம். வேலையாட்கள் எல்லோருக்கும் கேட்டது. அண்ணனின் காதுமடல் சிவந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

பஸ்ஸில் வரும்போது வயிறு குளிர்ந்திருந்தது. ஓசூர் நெருங்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பால்காரர் வந்து நின்றால்கூட, அம்மா நல்ல கையால் முந்தானையை இழுத்து அந்த இடது பக்கத்தை மூடிக்கொள்வாள். இனி நடவுக்கு வருகிற பெண்களெல்லாம் அதைப் பார்ப்பார்கள்.

உளி எடுக்க மூன்று நாள் ஆகும் என்று சிற்பி சொல்லியிருந்தார். மூன்று நாளும் நிறுத்தச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். அம்மாவிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணனைச் சும்மா விட்டுவிட மட்டும் எனக்கு மனம் வரவில்லை.